வால்பாறைப் புள்ளி

உண்டு, இல்லை. இரண்டில் ஒன்றை எழுதிக் கொடுத்தால் போதும், ஒரே வரி. பொள்ளாச்சியில் பஸ் ஏறி சன்னலோரத்தில் இடம் பிடித்ததிலிருந்து தெய்வானை அந்த ஒரு வரியைத்தான் மனசுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று எழுதினால் கை ஒன்றும் வலிக்கப் போவதில்லை. உண்டு என்று எழுதினால் எப்படி என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால்... அங்கே வந்ததும் மனசு சண்டி மாடு மாதிரி காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து, உண்டு, இல்லை. மடியில் தோள்பை, தோள்பைக்குள் நாலாக மடித்த ஒரு தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டர் வரதராஜுலு அதை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கட்டுரையை அச்சிடப் போகிற பத்திரிகைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு கேள்வி கேட்டிருந்தார்கள். ஒன்பதாவது கேள்வியைச் சுற்றி அவர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். வால்பாறையில் கிடைத்ததாகச் சொல்லப்படும் இரண்டு ஈக்களும் வேறு இடத்திலிருந்து தற்செயலாக வந்து சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டா? "கலெக்ட் பண்ணுனது நீங்கதானுங்க தெய்வானை. நீங்களே ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. திங்கக்கிழமை காலைல அனுப்பிப் போடலாம்" என்றார். அந்த மனுஷன் ஒரு நொடி சந்தேகமாகப் பார்த்திருந்தால்கூட அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கும். பார்க்கவில்லை. முப்பது வருஷமாக அவள் எழுதிய லேபிளில் ஒன்றுகூடத் தப்பானதில்லை என்று அந்த ஆராய்ச்சி நிலையத்தில் எல்லாருக்கும் தெரியும். நல்ல பேர் எடுத்து வைப்பதைப் போல ஒரு தொந்தரவு வேறு கிடையாது. இன்றைக்கு ஞாயிறு. நாளைக் காலை பத்து மணிக்குள் அந்த வரி வேண்டும்.

"ஏனுங்க, வால்பாறைக்குங்களா?" பக்கத்து இருக்கை அம்மாள் மடியில் ஒரு வயர்கூடையை இடுக்கிக்கொண்டு, பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கேட்டாள். "ஆமாங்க." "சொந்தக்காரங்க இருக்காங்களா அங்க?" எவ்வளவு சாதாரணமான கேள்வி. பஸ்ஸில் ஏறினால் யாரும் யாரிடமும் கேட்பதுதான். தெய்வானைக்கு அதற்குப் பதில் தேட ஆழியார் செக்போஸ்ட் வரை ஆயிற்று. "தெரிஞ்சவங்க ஒருத்தர் இருக்காருங்க" என்றாள். இருக்காரு. சொல்லி முடித்த பிறகுதான் நாக்கு செய்த வேலை தெரிந்தது. செத்து ஒரு வருஷம் தாண்டிவிட்ட மனுஷனை இருக்காரு என்று சொல்லியாயிற்று. சரி, மண்ணுக்குள் இருக்கிறவரும் இருக்கிறவர்தானே, எழுந்து எங்கே போய்விடப் போகிறார். "எஸ்டேட்லீங்களா?" "எஸ்டேட்லதானுங்க." அதுவும் பொய்யில்லை. அந்த அம்மாள் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, முதல் கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் கூடையைக் கட்டிக்கொண்டு தூங்கிப் போனாள். தூங்குகிறவர்களைப் பார்த்தால் தெய்வானைக்குப் பொறாமையாக இருக்கும். நேற்று அவள் சரியாகத் தூங்கவில்லை. வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகிறது. ஒற்றை ஆளுக்கு அரை டம்ளர் அரிசி போட்டால் குக்கர் விசில்கூடச் சுரத்தில்லாமல் அடிக்கிறது.

அந்த ஈ எள்ளை விடச் சின்னது. மஞ்சளும் கறுப்புமாக இருக்கும். கண்ணுக்கு முன்னால் பறந்தால் தூசி என்று ஊதிவிட்டு வேலையைப் பார்ப்போம். ஆனால் இலையைப் பார்த்தால் தெரிந்துவிடும். பெண் ஈ வால் முனையால் இலையில் குத்திக் குத்திப் பார்க்கும், ஊறும் சாற்றைக் குடிக்கும், பிடித்த இடத்தில் ஒரு முட்டையை உள்ளே தள்ளும். முட்டையிலிருந்து வரும் புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் தின்றுகொண்டே போகும். புழு வளர வளர அது போகிற வழியும் அகலமாகும். மயிரிழையாக ஆரம்பிக்கிற வெள்ளைக் கோடு, வளைந்து நெளிந்து, தன்னையே சுற்றிக்கொண்டு, நூல் அளவாகி, சணல் அளவாகி ஒரு இடத்தில் நின்றுபோகும். அந்த இடத்தில் தோலைக் கீறிக்கொண்டு புழு மண்ணில் விழும். விழுந்து, கேழ்வரகில் பாதி இருக்கும் ஒரு பழுப்புக் கூடாக உருண்டு கிடக்கும், எட்டு ஒன்பது நாளில் ஈயாகும். பிறந்து செத்து எல்லாம் ஒரு மாசத்துக்குள் முடிந்துவிடும். தன் சிறகை நம்பினால் அது பக்கத்துத் தோட்டத்தைத் தாண்டாது. அது கடல் தாண்டியது, மாநிலம் தாண்டியது எல்லாம் மனுஷன் தூக்கிக்கொண்டு போனதால்தான். நாற்றில், கீரைக்கட்டில், பூக்கூடையில் ஓசிச் சவாரி. டாக்டர் வரதராஜுலுவின் அறைச் சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது, அந்த ஈ கிடைத்த ஊருக்கெல்லாம் சிவப்புப் புள்ளி. ஈரோடு, திண்டுக்கல், கரூர், மதுரை, எல்லாம் கீழே சமவெளி. மலைமேல் ஒரே ஒரு புள்ளி. சமவெளி ஈ குளிரைத் தாங்கிக்கொண்டு மலையேறிவிட்டது என்பதுதான் கட்டுரை. கட்டுரையின் உயிர் அந்தப் புள்ளியில் இருக்கிறது. அந்தப் புள்ளியை வைத்தவள் தெய்வானை. அதற்காகவே கட்டுரையில் மூன்றாவது பெயராக அவள் பெயரைப் போட்டிருக்கிறார் டாக்டர். முப்பது வருஷம் ஊசியில் ஈ குத்தி, டப்பாவில் அடுக்கி, அடுத்தவர்கள் டாக்டராகிப் போக வழிவிட்டு நின்றவளின் பெயர் முதல் தடவையாக அச்சில் ஏறப் போகிறது. ரிட்டயர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம்தான் இருக்கிறது.

ஒன்பதாவது வளைவில் பஸ் மூச்சு வாங்கி நின்றது. எதிரே ஒரு லாரி. சூசையாக இருந்தால் இங்கே ஜீப்பை ஓரம் கட்டி, கீழே தெரியும் அணையைக் காட்டி, "மேடம், ஒரு டீ?" என்று பிளாஸ்கைத் திறந்திருப்பார். நிலையத்து ஜீப் டிரைவர். இருபது வருஷம் அவளை மலைக்கும் காட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனவர். நாற்பதில் போய்க்கொண்டிருக்கும் ஜீப்பிலிருந்து வேலியோரத்துச் செடியில் கோடு விழுந்திருப்பதைப் பார்க்கும் கண் அந்த ஆளுக்கு மட்டும்தான் உண்டு. சடாரென்று பிரேக் போடுவார். "மேடம், அங்க பாருங்க, ஒருத்தன் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கான்." இறங்கிப் பார்த்தால் இருக்கும். ஒவ்வொரு ஈக்கும் ஒவ்வொரு கோடு, ஒன்று சுருள், ஒன்று கொப்புளம், ஒன்று நரம்பை ஒட்டியே போகும். படித்த பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டுவதற்குள் அவர் சொல்லிவிடுவார், இது பழைய ஆள், இது புது ஆள். ஒரு நாள் அவள் அவரிடம் சொன்னாள், ஆண் ஈக்கு இலையில் குத்தத் தெரியாதுங்கண்ணா, பெண் ஈ குத்தி வைத்த ஓட்டையில்தான் அதுவும் வாய் வைத்துக் குடிக்கும் என்று. அவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அப்ப அவனும் நம்மளாட்டத்தான். யாராவது தட்டுல போட்டு வச்சாத்தான் சோறு." வாரம் ஆறு நாள் கோவையில் ஒரு ஒற்றை அறையில் சமைத்துச் சாப்பிடுகிறவர். மனைவி லூர்தம்மாள் எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிறாள், மாமனார் மாமியார் அங்கே, பிள்ளைகள் படிப்பு அங்கே. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி, திங்கள் விடியலில் மடித்த சட்டையோடு வந்து நிற்பார். தட்டுச் சோற்றுப் பேச்சுக்கு அடுத்த நாளிலிருந்து தெய்வானை டிபன் பாக்ஸில் ஒரு தோசை கூடுதலாக வைத்தாள். அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பதினாலு வருஷம் ஒரு தோசை கூட இருந்தது.

அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆபீஸில் டிரைவரை எல்லாரும் அண்ணா என்பார்கள். கல்யாணமாகாத ஒரு பொம்பளை ஒரு ஆம்பளையோடு காடு மலை சுற்ற வேண்டுமென்றால் அந்த ஒரு வார்த்தையை முன்னால் பிடித்துக்கொண்டுதான் போக முடியும், குடை மாதிரி. யாரும் ஒரு பேச்சுப் பேசவில்லை. பேச இடமும் கொடுக்கவில்லை. ஒன்றும் நடக்கவும் இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான் உண்மை. அதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பிவிட்டாலோ அவளுக்கு அதைவிட வலிக்கும். இருபது வருஷம், ஒன்றுமில்லை, என்று அவளே ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டுமா? வண்டி மறுபடி கிளம்பியது. பின்னால் யாரோ வாந்தி எடுக்கிற சத்தம், கண்டக்டர் எலுமிச்சம்பழம் இருக்குதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு நெஞ்சுவலி வந்தது போன வருஷம் ஆடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட்டில். திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குச் செய்தி வந்தது. வேன் பிடித்தார்கள். பதினாலு சீட்டு. டாக்டர் வந்தார், டைப்பிஸ்ட் நிர்மலா வந்தாள், அவரைப் பார்த்தே இராத புதுப் பையன்கள் நாலு பேர் மலையைப் பார்க்கலாம் என்று ஏறிக்கொண்டார்கள். கடைசியில் வாட்ச்மேன் பழனியப்பனும் அவளும் நின்றார்கள், ஒரு இடம் இருந்தது. "நீங்க போங்க பழனியண்ணா, எனக்கு லேப்ல ஈ வெளிய வர்ற நேரம்" என்றாள். இல்லை, நீங்கள் வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும், அவள் யார்? வேன் கேட்டைத் தாண்டியதும் லேபுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அன்றைக்கு வந்த பதினோரு ஈயையும் ஊசியில் குத்தி வைத்தாள். ஒன்றுகூடக் கோணவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபோதுதான் அந்தக் கூடுதல் தோசையைப் பார்த்தாள். அழுதாள். இவ்வளவு அழுகை எங்கே இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதே வருஷம் நவம்பரில் தனியாகப் போனாள். ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாள், குடும்பம் மொத்தமும் அங்கே இருக்கும். அதனால் மூன்றாம் தேதிக்கு டூர் போட்டாள், வால்பாறை, பூச்சி சேகரிப்பு. புது டிரைவர் லீவு என்று பஸ்ஸிலேயே கிளம்பினாள். பொள்ளாச்சி பூக்கடையில் மாலையாக வாங்கக் கூச்சமாக இருந்தது, மாலை போட அவள் யார்? காம்போடு, இலையோடு மஞ்சள் செவ்வந்தி இரண்டு கட்டு வாங்கினாள். கடைக்காரர் ஒரு பெரிய பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்தார். கல்லறையில் வைத்தாள். மெழுகுவத்தி ஏற்றத் தெரியவில்லை, காற்றில் அணைந்து அணைந்து போனது, விட்டுவிட்டாள். அரை மணி நேரம் நின்றிருப்பாள். திரும்பும்போது கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் ஒரு களைச்செடியில் கோடு கண்ணில் பட்டது. பழக்கம் எங்கே விடும்? ஏழெட்டு இலை கிள்ளினாள். கொண்டுவந்த கவரெல்லாம் வரும் வழியில் இலை சேகரித்ததிலேயே தீர்ந்திருந்தது. கையில் செவ்வந்திக் கவர் காலியாக இருந்தது. உதறினாள். உதறினாள்தானே? உதறினாள். ஆனால் உள்பக்கம் திருப்பி உதறவில்லை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள், கவர் புதுசாக இருக்க வேண்டும், பழைய கவரில் இலை போட்டால் கையை உடைப்பேன் என்று. ஊருக்குத்தான் உபதேசம். அன்றைக்குக் கண் இருந்த நிலையில் அவளுக்குக் கவர் கவராகவே தெரியவில்லை.

கோவைக்கு வந்து கவரை லேபில் தொங்கவிட்டாள். ஒரு வாரத்தில் ஐந்து ஈ வந்தது. ஐந்தும் மலை ஈ, தெரிந்த ஈதான். அது மண்ணில் விழாது, இலைக்குள்ளேயே கூடு கட்டும், அங்கிருந்தே வெளியே வரும். ஆறாம் நாள் கவரின் அடியில் மூலையில் இரண்டு பழுப்புக் கூடுகள் கிடந்ததைப் பார்த்தாள். உதிர்ந்த கூடு. எந்த இலையிலிருந்து உதிர்ந்தது? அந்த நொடியே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த இரண்டையும் தனிக் குப்பியில் போட்டாள், அதிலிருந்து வந்த இரண்டு ஈயையும் மைக்ராஸ்கோப்பில் வைத்தாள், டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் கண்ணை எடுக்காமல் "வால்பாறைங்களா? ஆயிரம் மீட்டருக்கு மேலயா?" என்று கேட்டார். ஆமாங்க சார் என்றாள். அவ்வளவுதான். ஒரு ஆமாங்க. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அந்த நேரம் அவளுக்குப் பேராசை கூட இல்லை. பூ எதற்கு என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம்தான் இருந்தது. புள்ளி, கட்டுரை, மூன்றாவது பெயர், இதெல்லாம் அந்தப் பயத்தின் மேல் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொண்டவை. இப்போது இறக்கிவிடப் பார்த்தால் கனக்கிறது. சரி, ஒருவேளை நிஜமாகவே அந்த ஈ அங்கே இருந்துவிட்டால்? பூவோடு வந்த இரண்டைத் தவிர, அதற்கு முன்பே மலையேறி வந்து களைச்செடியில் கோடு போட்டுக்கொண்டு இருந்துவிட்டால்? அப்படியானால் இல்லை என்று எழுதலாம், மனசு குறுகுறுக்காமல் எழுதலாம். அதைப் பார்த்துவரத்தான் இந்தப் பயணம். அதற்குத்தானா? மனசு இடையில் புகுந்து கேட்டது. அதற்கும்தான், என்று அவளே பதில் சொல்லிக்கொண்டாள்.

நாற்பதாவது வளைவு தாண்டியதும் குளிர் சன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தேயிலைச் சரிவு, பனி, ஒரு கோயில், மறுபடி தேயிலை. பக்கத்து அம்மாள் விழித்து, "வந்துருச்சுங்களா?" என்று கூடையைச் சரிசெய்தாள். எஸ்டேட் ஸ்டாப்பில் தெய்வானை இறங்கினாள். பஸ் போன பிறகு அவ்வளவு அமைதி. கல்லறைத் தோட்டத்துக்கு ஏறிப் போகும் மண்பாதையில் நடக்கும்போது கால் தானாக மெதுவாகியது. சுவரோரம் முதலில் பார்க்க வேண்டும், களைச்செடிதான் முதலில், வேலை முதலில். சுவரோரம் பார்த்தாள். இருபது முப்பது இலையைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். மலை ஈயின் கோடு இருந்தது, கூடு இலைக்குள்ளேயே இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. இன்னும் நாலு செடி. இல்லை. நிமிர்ந்தாள். உள்ளே, மூன்றாவது வரிசையில், வெள்ளையடித்த சிலுவைக்குக் கீழே மஞ்சளாக ஒரு புதர் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. செவ்வந்தி. யார் நட்டார்கள்? ஓட்டமும் நடையுமாகப் போய்க் குனிந்தாள். இலையெல்லாம் கோடு. மயிரிழையில் ஆரம்பித்துச் சணல் அளவில் முடியும் கோடு, முனையில் கீறல், உள்ளே ஒன்றும் இல்லை. கீழே மண்ணைக் கிளறினாள், பழுப்புக் கூடுகள், ஒன்று, இரண்டு, ஐந்து. இருக்கிறது! ஒரு வருஷக் குளிரையும் மழையையும் தாங்கிக்கொண்டு அது இங்கே இருக்கிறது. புள்ளி பொய்யில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதிலிருந்து நாலு இலையைக் கிள்ளிக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுத்தால், மறுபடி போய்ப் பார்த்தேன், உறுதி, என்று சொன்னால், எவனும் இனி ஒரு கேள்வி கேட்க மாட்டான்.

"யாருங்க?"

தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். காதில் சின்னக் கம்மல், கழுத்தில் ஜெபமாலை, ஐம்பது வயசு இருக்கும். தெய்வானை எழுந்து மண்ணைத் தட்டினாள்.

"பூச்சி ஆராய்ச்சிங்க. கோயமுத்தூர்ல இருந்து. சும்மா... செடியப் பார்த்தேன்."

"அப்படீங்களா." அந்த முகத்தில் சந்தேகம் போய் மரியாதை வந்தது. "இது எங்க வீட்டுக்காரருங்க. அவரும் அங்கதான் டிரைவரா இருந்தாரு." குடத்தை இறக்கி வைத்தாள் லூர்தம்மாள். "நல்லவேளை வந்தீங்க, உங்களத்தான் கேக்கணும். போன வருஷம் கல்லறைத் திருநாள் முடிஞ்சு யாரோ வந்து காம்போட செவந்தி வச்சிட்டுப் போயிருந்தாங்க. யாருன்னே தெரியல. வாடிப் போகுதேன்னு நாலு கொம்ப ஒடிச்சு ஊனுனேன், புடிச்சுக்கிச்சு. ஆனா பாருங்க, எலை பூரா வெள்ளக்கோடு. சாம்பலப் போட்டேன், வேப்பெண்ணெ கரைச்சு அடிச்சேன், போகவே மாட்டேங்குது. இப்ப லயத்துல எங்க வீட்டு வாசல் அவரைக்காச் செடிக்கும் வந்துருச்சு, பக்கத்து வீட்டுத் தக்காளிக்கும் வந்துருச்சு. அவங்க ஏசுறாங்க." கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "என் கை அப்படிங்க. நான் எத வச்சாலும் வெளங்காது. அவரு இருந்தா பார்த்தவொடனே சொல்லிருவாரு என்னன்னு."

தெய்வானை அந்தக் கையைப் பார்த்தாள். தேயிலைக் கறை ஏறி, விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. ஒரு வருஷமாக இந்தக் கை ஒன்றுமறியாமல் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு, சாம்பலும் வேப்பெண்ணெயுமாக அவள் கொண்டுவந்து விட்டுப்போன பூச்சியோடு மல்லுக்கட்டியிருக்கிறது. இல்லை என்று எழுதிவிடலாம், கட்டுரை வந்துவிடும், மூன்றாவது பெயர் வந்துவிடும், இந்தக் கையின் மேல் பழி மட்டும் இருக்கும்.

"உங்க கை இல்லீங்க. நான் கொண்டாந்தது."

"எத? பூவையா, பூச்சியையா?"

"ரெண்டையும்."

லூர்தம்மாள் அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். தெய்வானைக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. என்ன கேட்டாலும் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நின்றாள். நாளைக்கு எழுத வேண்டிய வரி அவள் வாயால் இப்போதே முடிந்துவிட்டது. உண்டு. செவ்வந்தியோடு வந்தது, கொண்டுவந்தவள் நான், வரைபடத்திலிருந்து அந்தப் புள்ளியை எடுத்துவிடுங்கள்.

"அப்ப மேடம் நீங்கதானா" என்றாள் லூர்தம்மாள். கோபமா என்று குரலில் பிடிபடவில்லை. "இப்ப இத என்ன செய்யணும்? மொத்தத்தையும் புடுங்கிரணுமா?"

"வேண்டாங்க. கோடு விழுந்த எலைய மட்டும் கிள்ளி எரிச்சிரலாம். மேல் மண்ணையும் கொஞ்சம் சுரண்டி எடுத்துரணும். நாலஞ்சு வாரம் விடாமப் பண்ணுனாப் போகும். அவரைக்கும் அப்படித்தான். நானே வந்து பண்ணித் தர்றேங்க."

இரண்டு பேரும் சமாதியின் இரண்டு பக்கமும் குந்திக்கொண்டு இலை கிள்ள ஆரம்பித்தார்கள். லூர்தம்மாளின் விரல் வேகத்துக்குத் தெய்வானையால் ஈடுகொடுக்க முடியவில்லை, கிள்ளுவதே அவள் பிழைப்பு. நடுவில் கிடந்த துணிப்பையில் இலைகள் விழுந்துகொண்டிருந்தன. பனி விலகி வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"அங்க ஆபீஸ்ல இருக்கிறவங்க பேரெல்லாம் எனக்குத் தெரியுங்க" என்றாள் லூர்தம்மாள், தலையைத் தூக்காமல். "வரதராஜுலு சார், பழனியப்பன், டைப் அடிக்கிற நிர்மலா. ஞாயித்துக்கெழம பூரா ஒக்காந்து ஒவ்வொருத்தர் கதையா சொல்லுவாரு. உங்களப் பத்தித்தான் நெறையச் சொல்லுவாரு. ஆனா உங்க பேரு மட்டும் சொன்னதில்ல. மேடம், மேடம்னுதான். நான் கேட்டாலும் மேடம்னுதான்." ஒரு இலையைக் கிள்ளிப் பையில் போட்டாள். "நானும் அவரு பேரச் சொன்னதில்லீங்க. இருபத்தெட்டு வருஷமா."

தெய்வானை கிள்ளிய இலையைப் பையில் போட மறந்து கையிலேயே வைத்திருந்தாள்.

"உங்க பேரு என்னங்க?"

கேட்டுவிட்டு லூர்தம்மாள் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். தெய்வானை கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பெயரைச் சொன்னாள்.